பன்னாடையில் வடித்த பியர்

சூசைதாசனைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரில் அவரைத் தெரிந்தவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் அவருக்குக் கெடுதல் செய்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எழுதினால் நல்ல மனுசன், அமைதியான மனுசன் என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன். என் மகளுக்கும் மருமகனுக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சூசையண்ணை என்று கூப்பிடுவேன். அவர் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் பிறந்தவர், நான் மன்னார்ப் பக்கம். எண்பத்தெட்டில் அவர் வந்தார், எண்பத்தொன்பதில் நான் வந்தேன். தொண்ணூறில் விசா இல்லாதவர்களுக்கெல்லாம் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கொடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தபோது பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூரா வாசலில் ஒரே வரிசையில், ஒரே மழையில் நனைந்துகொண்டு நின்றோம். பழக்கம் அங்கே தொடங்கியது. பிறகு வேலையும் ஒரே கட்டடத்தில் அமைந்தது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், நடுவில் முற்றமும் முற்றத்தில் இரண்டு பெரிய ஈச்ச மரமும் உள்ள ஐந்து மாடிப் பழைய கட்டடம். இரண்டாம் மாடியில் ஒரு வக்கீல் வீட்டில் நான் வேலை செய்தேன். நாலாம் மாடியில் ஒரு தனிக் கிழவரைச் சூசையண்ணை பார்த்துக்கொண்டார்.

எங்கள் ஆள் ஒருவன் இன்னொருவனைப் புதிதாகச் சந்தித்தால் முதலில் பெயரைக் கேட்பான். அடுத்தது ஊர். அதற்கடுத்தது, ஊரில் எந்தப் பக்கம். பிறகு, அப்பா என்ன செய்தவர். நாலு கேள்விக்குள் ஆளை அளந்து முடித்துவிடுவான். பெர்மெஸ்ஸோவைக் காட்டினால் குவெஸ்தூரா விட்டுவிடும், எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். சூசையண்ணை தன்னுடைய அப்பாவுக்குத் தோட்டம் என்று சொல்லி வைத்திருந்தார். நான் என்னுடைய அப்பா தபால் கந்தோரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டும் பொய். அவருடையது பொய் என்பது எனக்குக் கனகாலம் தெரியாது. என் அப்பா பனையேறிக் கள்ளுச் சீவியவர். பதினான்கு வயதிலிருந்து நாலு வருடம் நானும் ஏறினேன்.

அந்தத் தொழிலில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதுவது இப்போது சுகம். எங்களிடம் கள்ளு வாங்கிக் குடித்தவர்கள் தங்கள் கிணற்றில் எங்களை அள்ள விட்டதில்லை. கோவிலில் நாங்கள் இருந்தது பின்பக்கம். பலேர்மோத் தேவாலயத்தில் முன்பெஞ்சு, பின்பெஞ்சு என்று எந்த வாங்கிலும் இருக்கலாம். யாரும் கண்டுபிடிக்காதவரைக்கும்.

சூசையண்ணையின் மனைவி தொண்ணூற்றொன்றில் இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். செய்தி இங்கே வந்து சேரப் பதினேழு நாள் ஆனது. அதற்குள் அடக்கம் முடிந்து எட்டாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. மகள் அமலினிக்கு அப்போது பதினைந்து வயது. இரண்டு வருடம் கன்னியர் மடத்தில் நின்றுவிட்டுத் தகப்பனிடம் வந்தாள். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. அவளை நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்கவேண்டும், ஊரில் தான் பட்டதொன்றும் அவளைத் தொடக்கூடாது.

இடமும் தானாகவே வந்தது. நகரத்து ஓரப் பகுதியான பிரான்காச்சோவில் இருந்த ஏர்னஸ்ற் மாஸ்ரரின் மகன் ஜெனோஜனும் அமலினியும் தமிழ்ப் பூசையில் ஒன்றாகப் பாடுகிறவர்கள். ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். மாஸ்ரர் ஊரில் படிப்பித்தவர், இங்கே ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவினாலும் மாஸ்ரர்தான். அவருடைய மனைவி விமலராணிக்கு நல்ல மனம், ஆனால் சாதி என்று வந்தால் இரும்பு. தவக்காலம் முடிந்ததும் இரண்டு பக்கமும் இருந்து கதைப்பது என்று தொண்ணூற்றேழு தொடக்கத்தில் பேச்சாகியது.

பியர்க் கதையும் அந்த மாதங்களில்தான் நடந்தது.

நாலாம் மாடிக் கிழவரின் பெயர் அத்தீலியோ. முப்பது வருடம் இங்கிலிஷ் சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பகுதியில் இருந்தவர். லிவர்பூலில் பியர்க்கடை ஒன்றில் ஊற்றிக் கொடுக்கிற வேலை செய்த டோரிஸ் என்ற பெண்ணைக் கட்டினார். ஓய்வு பெற்றதும் அவளையும் கூட்டிக்கொண்டு பலேர்மோவுக்குத் திரும்பினார். அவள் பத்து வருடம் இந்த வெயிலைத் திட்டிக்கொண்டு இருந்துவிட்டுச் செத்துப்போனாள். அவள் ஊற்றிய பேல் ஏல் என்ற செம்புநிறப் பியரைச் சாவதற்கு முன் ஒருமுறை வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்பது கிழவரின் ஆசை. வீட்டில் பியர் காய்ச்சக்கூடாது என்று இருந்த தடையையும் கொஞ்சம் முன்னர்தான் எடுத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து தபாலில் சாமான் எடுப்பித்தார். தகரத்தில் பார்லிப் பாகு, வெள்ளிக் கடதாசிப் பைகளில் கசப்புக்கும் மணத்துக்கும் போடுகிற ஹொப்ஸ் பூ, சின்னப் பொட்டலங்களில் ஈஸ்ற்.

ஒரு தடங்கல் இருந்தது. படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து கிழவருக்கு மணம் தெரியாது. காஸ் திறந்து கிடந்தாலும் தெரியாது. பிள்ளைகள் அவருக்கு ஆள் வைத்ததே அதற்காகத்தான்.

முதல்தரம் கிழவர் தன் பாட்டில் காய்ச்சினார். இருந்த ஹொப்ஸ் முழுவதையும் கொதி வந்தவுடன் கொட்டினார். ஈஸ்ற் பொட்டலத்தை எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டு, ரொட்டி சுடுகிற பாண் கடையிலிருந்து ஈஸ்ற் வாங்கிப் போட்டார். ஆறின பியரைச் சூசையண்ணை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்த மாதிரிக் கசக்கிறது, மேலால் பாண் மணக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வேப்பெண்ணெய்க்கு இத்தாலியனில் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. அவ்வளவையும் கக்கூசுக்குள் ஊற்றினார்கள். கிழவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல், அடுத்தமுறை நானும் கூட நிற்கிறேன் என்று சூசையண்ணை சொன்னார்.

இதெல்லாம் வியாழக்கிழமைகளில் அவர் எனக்குச் சொன்னது. வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் லீவு. பொலிதேயாமாச் சதுக்கத்து வாங்கில் இருந்து இருட்டும்வரை கதைப்போம். மற்ற நாளில் கேட்ட கேள்விக்கு ஓம், இல்லை என்பதோடு நிறுத்துகிற மனுசன் அந்த மாதங்களில் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்.

அடுத்த பார்சல் தை மாதம் வந்தது. மூன்று விதமான ஹொப்ஸ். கிழவர் மூன்றையும் சூப்புக் கோப்பைகளில் கொட்டி, சூசையண்ணையை மேசையில் இருத்தி மணந்து சொல்லச் சொன்னார். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மஞ்சளாக ஒரு பிசின் ஒட்டும், மணம் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. முதலாவது அமெரிக்காவில் விளைந்த கஸ்கேட். அது ஆரஞ்சு, தோடம்பழத் தோல் மணம் என்றார். இரண்டாவது ஃபகிள். மழை பெய்த அன்றைக்குப் பற்றைக்குள் போனால் வருகிற மணம் என்றார். மூன்றாவது கோல்டிங்ஸ். அதை அவர் கனநேரம் மூக்கில் வைத்திருந்தார்.

"காய்ஞ்ச வைக்கோல். அதுக்குள்ளை ஆரோ ஒரு சொட்டுத் தேன் சிந்தியிருக்கினம்."

வேலை முடிந்து வரும்போது டோரிஸின் சட்டைக் கையில் ஒரு மணம் இருக்கும், அது இதில் எது என்று கிழவர் கேட்டார். டோரிஸின் சட்டையைச் சூசையண்ணை எங்கே கண்டார்? ஆனாலும் பகிடி பண்ணாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். தோடம்பழமா? இல்லை, பலேர்மோ முழுக்கத் தோடம்பழ மணம், அதுவென்றால் டோரிஸ் இங்கே வந்த அன்றே சொல்லியிருப்பாள். ஈரமான மணமா? கிழவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு இல்லை என்றார். வெயிலில் காய்ந்த மணம்.

அப்படிக் கஸ்கேட்டை மூடிக் கட்டி வைத்தார்கள். கசப்புக்கு ஃபகிளைக் கொதியின் தொடக்கத்தில் போட்டு ஒரு மணித்தியாலம் விடுவது, மணத்துக்குக் கோல்டிங்ஸை அடுப்பை நிற்பாட்ட ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுவது என்று முடிவாகியது. கொதிக்கக் கொதிக்கக் கசப்பு இறங்கும், மணம் பறந்துவிடும். கறியை இறக்குகிற நேரம் கறிவேப்பிலை போடுகிற மாதிரித்தான் என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

ஈஸ்ற்றைத் தெரிவதில்தான் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. பார்சலில் இரண்டு வகை இருந்தது. ஒன்று விரைவாகப் பொங்கி, இனிப்பு முழுவதையும் தின்று தீர்த்துவிடும். மற்றது ஆறுதலாக வேலை செய்து கொஞ்சம் இனிப்பை மிச்சம் விடும். கிழவருக்கு எழுபத்தெட்டு வயது, விரைவானதைப் போடு என்றார். சூசையண்ணை கேட்கவில்லை. இரண்டு கண்ணாடிக் கோப்பையில் இளஞ்சூட்டுச் சீனித்தண்ணீர் எடுத்து இரண்டையும் தனித்தனியாகக் கரைத்தார். ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, கோப்பையில் காதை வைத்துக் கேட்டார். முதலாவது அரை மணித்தியாலத்தில் நுரைத்து விளிம்பால் வழிந்தது. மறுநாள் மணந்து பார்த்தால் அழுகல் வாழைப்பழ மணம். மற்றது கனநேரம் சும்மா கிடந்தது. பிறகு ஒரே சீராக இரைந்தது. அடுத்த நாளும் அதே இரைச்சல், மணம் சுத்தம்.

"இந்த வீட்டுச் சூட்டுக்கு மற்றவன் கூத்தாடுவான் சிஞ்ஞோரே. இவன் போதும். அதுவும் மாசிக் குளிருக்குள்ளை செய்து முடிப்பம்" என்று சொன்னாராம்.

ஈஸ்ற்றுக்குக் காது வைத்துக் கேட்டேன் என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கள்ளுமுட்டிக்கு அப்படித்தான் காது வைப்பது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறவன் பதிலும் சொல்லவேண்டி வரும்.

மாசி நடுவில் ஒருநாள் வக்கீல் வீட்டுச் சிஞ்ஞோரா, நாலாம் மாடியில் இரவல் வாங்கின ஏணியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள். கதவு திறந்திருந்தது. குசினிக்குள் சூசையண்ணை சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். காய்ச்சி ஆறவைத்த பெரிய பானை மேசையில் இருந்தது, கீழே வைன் ஊற்றி வைக்கிற பெரிய கண்ணாடிச் சாடி. வடிக்க வைத்திருந்த துணியை ஹொப்ஸ் பூ அடைத்துவிட்டது, துணி ஒரு பக்கம் கிடந்தது. அவருடைய கையில் முற்றத்து ஈச்ச மரத்திலிருந்து வெட்டிய பன்னாடை இருந்தது. மட்டையின் அடியைச் சுற்றி வலைமாதிரிப் பின்னிக் கிடக்குமே, அந்த நார். அதை அவித்துச் சுத்தமாக்கி, இரண்டு துண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒரு மூலையைப் பெருவிரலால் உள்ளே மடித்துப் பிடித்திருந்தார். மற்றக் கையின் அடியால் இரண்டு தட்டு. பூவெல்லாம் மேலே நிற்க, செம்புநிறத் தண்ணீர் நூல்மாதிரி இறங்கியது. கிழவர் கதிரையில் இருந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

பன்னாடையால் வடிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மடிப்பும் அந்த இரண்டு தட்டும் எல்லோருக்கும் தெரியாது. என் அப்பா அப்படித்தான் செய்வார். நானும் அப்படித்தான் செய்தேன்.

சூசையண்ணை என்னைக் கண்டார். அவருடைய கை நின்றது.

"துணி அடைச்சுப்போச்சு" என்றார்.

"ஓம், நல்ல யோசனை" என்றேன்.

ஏணியைப் பிடித்தபடி அரை நிமிடம் நின்றேன். "நானும்தான் அண்ணை" என்று இரண்டு சொல் சொல்ல அந்த அரை நிமிடம் தாராளமாகப் போதும். எட்டொன்பது வருடம் பொய்யைக் காவிக்கொண்டு திரிந்த இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்திருக்கலாம். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கி வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பங்குனி முடிவில் பியர் தயாராகியது. மணம் தெரியாத கிழவருக்கு நாக்கில் கசப்பும் இனிப்பும் தெரியும். முதல் வாயைக் குடித்துவிட்டு, இதென்றால் டோரிஸ் இன்னொரு கிளாஸ் கேட்டிருப்பாள் என்றாராம். பிறகு அழுதாராம். மகளின் காரியத்துக்குக் கொண்டுபோ என்று பன்னிரண்டு போத்தலைச் சூசையண்ணைக்குக் கொடுத்தார்.

ஈஸ்ரருக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் மாஸ்ரர் வீட்டில் சாப்பாடு. பெண் பக்கத்துக்கு ஓர் ஆண்துணை வேண்டும் என்று சூசையண்ணை என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். போத்தல்களைத் துவாயால் சுற்றி இரண்டு பையில் வைத்துக்கொண்டு, அமலினியும் நாங்களுமாகப் பிரான்காச்சோ பஸ்ஸில் போனோம். பஸ் குலுங்குகிற ஒவ்வொரு தரமும் அவர் பையை மடியோடு அணைத்தார். அமலினி நீலச் சேலை கட்டியிருந்தாள். தகப்பனின் நெற்றியில் வேர்த்ததைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டாள்.

எல்லாம் நல்லாகத்தான் போனது. ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். விமலராணி அமலினியைத் தனக்குப் பக்கத்தில் இருத்திப் பரிமாறினார். கலியாணத்தை ஆவணியில் வைப்பதா, நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வைப்பதா என்றுகூடக் கதை வந்துவிட்டது. பியர் போத்தல்களைத் திறந்தார்கள். மாஸ்ரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொழும்பில்கூட இப்படி ஒன்று குடிக்கவில்லை என்றார். சூசையண்ணை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக அவருடைய முகத்தை நான் கண்டதே இல்லை.

நான் மூன்று கிளாஸ் குடித்திருந்தேன். மாஸ்ரர் நாலாவது ஊற்றும்போது போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் கிடந்த ஈஸ்ற் மண்டி கலங்கி வந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அடிமண்டியை ஊத்தாதையுங்கோ மாஸ்ரர். அதை வைச்சாத்தான் அடுத்த முட்டி பொங்கும்."

மாஸ்ரர் போத்தலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"அகஸ்ரினுக்கு முட்டிக் கணக்கெல்லாம் தெரியுது. தபால் கந்தோரிலை இதுவும் பழக்கினவையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பகிடிதான். ஆனால் விமலராணி சிரித்து முடித்த பிறகும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய மகள் மொனிகாவுக்குப் பதினெட்டு வயது. அந்த ஒரு பார்வைக்குள் என் மனைவியும் மொனிகாவும் தேவாலயத்துப் பின்வாங்கில் போய் இருப்பது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்க்கிற கண்களை வேறெங்காவது திருப்பவேண்டும். அந்த நேரத்தில் வேறொன்றும் எனக்கு யோசிக்க வரவில்லை.

"எனக்கெங்கை இதெல்லாம் தெரியும்? சூசையண்ணை செய்யேக்கை பாத்தனான். அவர் பன்னாடை மடிச்சு வடிக்கிறதை நீங்கள் பாக்கோணும். பரம்பரையாச் சீவுற ஆக்கள் தோத்துப்போவினம்."

சிரிப்போடுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

விமலராணி சூசையண்ணையிடம் திரும்பினார். "அண்ணை பன்னாடையாலையோ வடிச்சனீங்கள்?"

சூசையண்ணை பொய் சொல்லியிருக்கலாம். கிழவர் காட்டித் தந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைத்தான் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. ஏன் என்று கேட்கிற பார்வை.

"ஓம்" என்றார்.

"தீவிலை உங்கடை ஆக்கள் எந்தப் பக்கம் எண்டு சொன்னனீங்கள்?"

அவர் உண்மையான இடத்தைச் சொன்னார். அமலினிக்கு அந்த இடத்தின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. தகப்பன் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் எல்லோருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். விமலராணி எழும்பிப் போய்க் கறிச்சட்டியை மூடினார். மாஸ்ரர் கிளாஸில் மிச்சம் இருந்ததைக் குடிக்கவில்லை. ஜெனோஜன் தன்னுடைய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயது ஆம்பிளை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதும் சூசையண்ணை என்னைத் திட்டவில்லை. பொலிதேயாமாவில் இறங்கியபோது, "கவனமாப் போ தம்பி" என்றார். அது திட்டைவிடக் கேடாக இருந்தது.

பையன் ஒரு கிழமைக்குப் பிறகு அமலினியோடு கதைத்தான். அம்மா அழுகிறா, அப்பா கதைக்கிறார் இல்லை, எனக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்றான். அதன் பிறகுதான் அவள் தகப்பனிடம் என்ன விசயம் என்று கேட்டாள். அவர் முழுவதையும் சொன்னார். "இதை ஏன் அப்பா எனக்கு ஒளிச்சனீங்கள்? தெரிஞ்சிருந்தா நான் அவனை விரும்பியிருக்கமாட்டனே" என்று கேட்டாளாம். பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு பூசைக்குப் போவதையும் நிறுத்தினாள். ஆடி மாதம் ஜெனோவாவில் ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினாள். துறைமுகத்துக்கு நானும் போனேன். தூரத்தில் ஒரு கொள்கலனுக்குப் பக்கத்தில் நின்றேன். கப்பல் திரும்பி அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை சூசையண்ணை கையைத் தூக்கியபடி நின்றார். அவள் உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

கிழவருக்கு அடுத்த பார்சல் ஐப்பசியில் வந்தது. மூன்று கோப்பையில் ஹொப்ஸைக் கொட்டி மேசையில் வைத்துச் சூசையண்ணையைக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொன்றாகத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சிஞ்ஞோரே, எனக்கும் மணம் தெரியேல்லை" என்றாராம். கிழவர் நம்பினார். டாக்டரிடம் போகச் சொல்லி நெடுகக் கரைச்சல் கொடுத்தார். இதை எனக்குச் சொன்னது கிழவர்தான். வியாழக்கிழமை வாங்குக்குச் சூசையண்ணை வருவதை விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் போனது. தொண்ணூற்றொன்பதில் என் மொனிகாவுக்கு ஓர் இடம் பொருந்தி வந்தது. பையன் றொனி, விமலராணியின் அண்ணன் மகன். வேறு இடம் பார்க்கலாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காரணம் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு கலியாணத்தைச் செய்வதற்கு முன்னர் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். மாஸ்ரர் விசாரிக்கப் போனது நாலாம் மாடிக்கு, சூசையண்ணையிடம். ஒரே கட்டடத்தில் வருடக்கணக்காக என்னோடு வேலை செய்கிறவர், என்மேல் ஆத்திரம் உள்ளவர். அவரிடம் கேட்டால் இருக்கிற குறையெல்லாம் வெளியில் வந்துவிடும் என்று மாஸ்ரர் நினைத்திருப்பார். மாஸ்ரர் படி ஏறுவதை நான் இரண்டாம் மாடி வாசலைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் இறங்கி வரும்வரை அதே நாலு கல்லைத்தான் துடைத்தேன். சூசையண்ணைக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாவிட்டாலும் என்ன, எதையாவது சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

மாஸ்ரர் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார். நல்ல குடும்பம், தகப்பன் தபால் கந்தோரில் இருந்தவர், யோசிக்காமல் செய்யுங்கோ என்று சூசைதாசன் சொன்னதாகச் சொன்னார்.

கலியாணம் நல்லாக நடந்தது. சூசையண்ணை வரவில்லை. அடுத்த கிழமை, கிழவர் மத்தியான நித்திரையில் இருக்கிற நேரம் பார்த்து மேலே போனேன். அவர் குசினியில் கரண்டிகளைத் துடைத்து லாச்சிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். என் அப்பா கள்ளுச் சீவியவர், நானும் நாலு வருடம் ஏறினேன், அன்றைக்குப் பயத்தில் உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"தொண்ணூற்றைஞ்சு பெரிய வியாழன். சுவாமியார் பன்ரண்டு பேருக்குக் கால் கழுவேக்கை நீயும் இருந்தனீ. நான்தான் தண்ணி ஊத்தினன். கால்நார் போட்டு ஏறின தழும்பு உன்ரை ரெண்டு காலிலையும் இருக்கு. எனக்கும் இருக்கு."

அப்படியென்றால் அந்தச் சாப்பாட்டு மேசையில் அவர் என்னைப் பார்த்தபோது எல்லாம் தெரிந்துதான் பார்த்திருக்கிறார்.

"அப்ப ஏன் அண்ணை அண்டைக்குச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் செத்திருப்பன்."

"சொன்னா அமலினிக்குக் கலியாணம் நடந்திருக்குமே?" கரண்டியை லாச்சிக்குள் வைத்தார். "ஒண்டுக்குப் பதிலா ரெண்டு பெட்டையள் கலியாணம் இல்லாமல் நிண்டிருப்பினம். அவ்வளவுதான்."

"என்னை மன்னியுங்கோ அண்ணை."

"அதைச் சுவாமியாரிட்டைச் சொல்லு. என்னாலை ஏலாது." லாச்சியை மெல்லமாக மூடினார், கிழவர் எழும்பிவிடக்கூடாது என்று. "இனி இஞ்சை வராதை அகஸ்ரின்."

இப்போதும் நாங்கள் ஒரே கட்டடத்தில்தான் வேலை செய்கிறோம். காலையில் படியில் எதிர்ப்பட்டால் அவர் ஒதுங்கி எனக்கு வழி விடுவார். "போன்ஜோர்னோ" என்பார், மற்ற வீட்டு இத்தாலியருக்குச் சொல்கிற மாதிரியே. நானும் "போன்ஜோர்னோ" என்பேன். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை.